கள்ளைப் பாட்டிலில் அடைக்கலாமா?

டவுனிலிருந்து தோட்டத்துக்கு வர்ற நண்பர்கள், வேலியோரப் பனையை அண்ணாந்து பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இதுல கள்ளு இறக்கறதில்லீங்களா?" என்பதுதான். இறக்கினால் கேஸ் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும். "சுத்தமா, பீர் மாதிரி பாட்டில்ல அடைச்சு, லேபிள் ஒட்டி வித்தா கவர்மென்டு வேண்டாம்னா சொல்லப்போகுது? நாங்களே வாங்குவோமே!"

நல்ல மனசோட கேட்கிற கேள்விதான். கள்ளுக்குத் தடை போகணும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லைங்க. ஆனா அந்த விடுதலை பாட்டில் வழியாத்தான் வரணும் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. முதலில் அனுமதி கிடைக்க வேண்டியது மரத்தடியில இருக்கிற முட்டிக்கு. பாட்டிலை அப்புறம் பேசிக்கலாம். வரிசை மாறினால் கள்ளு திரும்பி வரும், ஆனா மரம் ஏறுகிறவனுக்கும் மரம் வெச்சிருக்கிறவனுக்கும் அதில் பெரிசா எதுவும் இருக்காது.

பீர் கதையிலிருந்தே தொடங்கறேன். எங்க அக்கா பையன் ஜெர்மனியில வேலை பார்க்கிறான். போன குளிர்காலத்துல வீட்டிலேயே முதல் தடவையா பீர் போட்டிருக்கான். பாட்டில்ல அடைச்ச அன்னிக்குப் போன் பண்ணி, ஒரு மணி நேரம் பேசினான்.

"மாமா, இருவது லிட்டர் போட்டேன். அடிமண்டி போக முப்பத்தெட்டு பாட்டில் வந்துது."

"அதுக்கு எத்தனை நாளுடா?"

"ரெண்டு வாரம் பக்கெட்டுல. இன்னும் ரெண்டு வாரம் பாட்டில்ல இருக்கோணும். அதுக்குள்ள தொறந்தா கேஸ் இருக்காது."

அவன் சொன்ன முறையைக் கேட்டால் நம்ம வீட்டுப் பெண்கள் ஊறுகாய் போடுகிற கவனம்தான். முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவோட சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். கொதித்ததில் அதுவரை இருந்த நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப் போகும். ஆற வைத்து, வேண்டிய ஈஸ்ட்டை மட்டும் போட்டு மூடி வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகிறது. மிதவைக் கருவி ஒன்றை விட்டுப் பார்க்க, இரண்டு மூன்று நாளைக்கு ஒரே அளவு காட்டினால் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் லிட்டருக்கு ஆறு கிராம் கணக்கில் சர்க்கரை கலந்து, கொதிநீரில் கழுவின பாட்டிலில் ஊற்றி மூடி அடிக்கிறார்கள். அந்தக் கொஞ்சம் சர்க்கரையில வர்ற வாயுதான் திறக்கும்போது 'புஸ்' என்று வரும். சர்க்கரை தீர்வதற்கு முன்னாடியே அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும்.

ஆக, பீரைப் பாட்டிலில் அடைக்க முடிவதற்குக் காரணம், அது வேலை முடிந்த சரக்கு. எப்போது தொடங்கணும், எந்த ஈஸ்ட், எப்போது நிறுத்தணும் எல்லாம் மனுசன் கையில இருக்குது.

கள்ளு அப்படி இல்லைங்க. பாளையைச் சீவி முட்டியைக் கட்டின நிமிசத்துல இருந்தே அது புளிக்கத் தொடங்குது. யாரும் ஈஸ்ட் போட வேண்டியதில்லை. காற்றில இருக்கிறது, பாளையில இருக்கிறது, நேத்து கள்ளு இருந்த முட்டியின் உள்சுவத்துல ஒட்டியிருக்கிறது எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். தயிரைப் புளிக்க வைக்கிற ஜாதி பாக்டீரியாவும் அதுல உண்டு, காடியாக்குகிறதும் உண்டு. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுமாருக்குச் சர்க்கரை இருக்கும். இத்தனை உயிர்களுக்கு அது கல்யாண விருந்து. அதனால காலையில இனிப்பும் புளிப்புமா இருக்கிறது, பொழுதோட கடுகடுன்னு ஆகி, மறுநாள் மூக்கைப் பிடிக்க வைக்கும். அந்த நிலையில அப்படியே பாட்டிலில் அடைத்தால் பாட்டில் தாங்காது. தாங்கணும்னா கொதிக்க வைக்கணும், இல்லை உறைகிற குளிரில் வைக்கணும், இல்லை மருந்து போடணும்.

நிறுத்தி வைக்க நம்ம பக்கம் பழைய வழி ஒண்ணு இருக்குது. முட்டியின் உள்ளே சுண்ணாம்பைத் தடவிக் கட்டுவது. சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது. நீங்க பதநீர் என்று சொல்றதைத்தான் நாங்க தெளுவு என்கிறோம். காலையில வெயில் ஏறுவதற்குள் குடிக்க வேண்டியதைக் குடித்து, மிச்சத்தைச் சட்டியில ஊற்றிக் காய்ச்சினால் கருப்பட்டி. ஏறக்குறைய எட்டு லிட்டர் தெளுவு காய்ச்சினால் ஒரு கிலோ வரும். அந்தியூர்ப் பக்கம் பல குடும்பங்கள் இதிலதான் காலம் தள்ளியிருக்கின்றன.

இன்றைய சட்டப்படி தெளுவுக்கும் கள்ளுக்கும் நடுவில இருக்கிற வேலி, அந்த ஒரு விரல் சுண்ணாம்புதான். தடவினால் தொழில், தடவாவிட்டால் குற்றம். வெயில் காலத்துல சுண்ணாம்பு கொஞ்சம் கம்மியாப் போனாலும் தெளுவு தானாப் புளிச்சுரும். அப்போது கேஸ் வருமா வராதா என்பது சோதனைக்கு வந்தவருடைய மனநிலையைப் பொறுத்த விசயம். இந்தப் பயத்தோட ஒருத்தர் நாற்பதடி உயரத்துல வேலை செய்யணும்.

இந்தச் சட்டம் வந்த பாதையும் நேர்கோடு இல்லை. 1937இல் ராஜாஜி முதன்முதலாச் சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1971இல் கருணாநிதி ஆட்சியில தளர்த்தினார்கள், இரண்டு மூன்று வருசத்துல கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் மறுபடி மூடினார்கள். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில திறந்து, 1987 ஜனவரி 1 முதல் இரண்டையும் மறுபடி தடை செய்தார்கள். கள்ளைப் பொறுத்தவரை அதுவே இன்று வரைக்கும் நிற்குது. 1983இல் தொடங்கின டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்த ஆரம்பித்தது. நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் இருக்கிற பிராந்தியை அரசாங்கமே விற்கலாம். ஏறக்குறைய பீர் அளவுக்கு, நூற்றுக்கு ஐந்து பங்கு சுமாருக்கு இருக்கிற கள்ளை விவசாயி இறக்கக் கூடாது. நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரரான நல்லசாமி ஐயா கள் இயக்கம் என்று ஒன்றை வைத்து இதைத்தான் வருசக் கணக்காக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். பாட்டில் வழியை நாம ஏற்கெனவே ஒரு தடவை நடந்து பார்த்திருக்கிறோம். அதற்குப் பேர் நீரா. தென்னம்பாளையிலிருந்து புளிக்காமல் இறக்குகிற சாறு. 2017இல் தமிழக அரசு நீரா இறக்க அனுமதி கொடுத்தபோது, தேங்காய் விலையாலும் வெள்ளை ஈயாலும் நொந்து கிடந்த பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து விவசாயிகள் ரொம்ப நம்பிக்கையா இருந்தாங்க. காசர்கோட்டில இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், ஐஸ் வைத்த பெட்டியைப் பாளையில மாட்டி சாற்றைக் குளிரிலேயே இறக்குகிற முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தது. நல்ல ஆராய்ச்சி, குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனா அந்தச் சங்கிலியை யோசிச்சுப் பாருங்க. மரத்தின் மேல ஐஸ் பெட்டி. கீழே இறங்கினதும் குளிர்பெட்டி. தோப்பிலிருந்து ஆலைக்குக் குளிர்வண்டி. ஆலையில வடிகட்டி, பதப்படுத்தி, அடைக்கிற இயந்திரம். கடையில பிரிட்ஜ். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் நீரா கள்ளாகிவிடும். கள்ளானால் சட்டமும் உள்ளே வந்துவிடும். அதனாலேயே அனுமதி தனி விவசாயிக்கு இல்லாமல், உற்பத்தியாளர் நிறுவனம் போன்ற பெரிய அமைப்புகள் வழியாப் போயிற்று. எண்பது தென்னையும் வேலியோரம் பத்துப் பனையும் வைத்திருக்கிறவன் அந்தச் சங்கிலியில எங்கே நிற்பான்? பால் ஊற்றுகிற மாதிரி ஊற்றிவிட்டு, குறித்துக் கொடுக்கிற விலையை வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

கெட்டுப் போகிற பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அது தூரம் போகாது. அதனால காசும் தூரம் போகாது. ஒரு நாள் ஆயுசு இருக்கிற கள்ளை இறக்கின ஊரிலேயேதான் விற்கணும், இறக்கினவரேதான் விற்கணும். அதை வருசக்கணக்கில் நிற்கிற சரக்காக மாற்றுகிற இயந்திரம் யார்கிட்ட இருக்குதோ, லாபமும் அவர்கிட்டதான் போகும். தக்காளியில பார்த்துட்டோம், மரவள்ளியில பார்த்துட்டோம்.

"பாட்டில்ல அடைச்சாத்தானுங்க கலப்படம் இருக்காது" என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது தலைகீழாகத் தெரியுது. 2025 ஜூலையில ஹைதராபாத் கூகட்பள்ளிப் பகுதியில கலப்படக் கள்ளைக் குடித்துச் சிலர் செத்துப் போனார்கள். அந்த மாநிலத்துல கள்ளில் அல்பிரசோலம் மாதிரித் தூக்க மருந்தைக் கலப்பது ரொம்ப நாளா இருக்கிற வியாதி. காரணம் என்ன? அவ்வளவு பெரிய நகரத்துக்குள்ள எத்தனை மரம் இருக்க முடியும்? மரம் ஒரு இடத்துலயும் குடிக்கிறவன் வேறொரு இடத்துலயும் இருந்தால், நடுவில இருக்கிறவன் தண்ணியையும் மாத்திரையையும் வைத்துக் கணக்கை நேர் பண்ணிக்கொள்வான். மரத்தடியில நின்று குடிக்கிறவனை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. எந்த மரம், எத்தனை முட்டி, யார் ஏறினது என்று ஊருக்கே தெரியும். கருப்பட்டியிலேயே பாருங்களேன். பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சினதில் யாரும் சந்தேகப்படறதில்லை. தூரத்திலிருந்து வர்றதுலதான் சர்க்கரை கலந்திருக்குதான்னு கடிச்சுப் பார்க்கிறோம்.

பாட்டிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்லா நடத்தின உதாரணம் நம்ம தமிழர்கிட்டயே இருக்குது. யாழ்ப்பாணத்துல பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள், வெளிநாட்டுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அடைத்து, சூடு காட்டி, புளிப்பை நிறுத்திய கள்ளு. ஆனா அங்கே எழுபதுகளிலேயே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகிவிட்டன. சீவல் தொழிலாளிகள்தான் அதன் உறுப்பினர்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. தினமும் இறக்குகிற கள்ளைச் சங்கத்துல அளந்து ஊற்றுவார்கள். அன்றன்றைக்கு விற்றது போகத்தான் மிச்சம் போத்தலுக்கோ வடிசாலைக்கோ போகும். அதாவது, அங்கே முதலில் மரம் ஏறுகிறவனுக்கு உரிமை, பிறகு சங்கம், அதற்கப்புறம்தான் போத்தல். இங்கே நாம போத்தலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்கிறோம்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்குது, அதை மறைத்துப் பேசக் கூடாது. எங்க அம்மாவிடம் கள்ளுக்கு அனுமதி வேணும்னு நான் எழுதப்போறதைச் சொன்னேன்.

"ஏஞ்சாமி, இருக்கற கடை பத்தாதா? அந்தக் காலத்துல கள்ளுக்கடையில உட்கார்ந்து வெள்ளாமைக் காசைத் தொலைச்சவங்க எத்தனை பேருன்னு எனக்குத்தான் தெரியும்."

அம்மா சொன்னது பொய்யில்லை. கள்ளு குடித்தும் குடும்பம் கெட்டிருக்குது. 1921இல் கள்ளுக்கடை மறியலில் பெரியாருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் இறங்கினது இதே ஈரோட்டில்தான். அந்தப் போராட்டத்துக்காகப் பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார் என்பதும் எல்லாரும் அறிந்த கதை. கள்ளை அமிர்தம், மருந்து, உணவு என்றெல்லாம் மேடையில பேசுகிறவர்களோட நான் சேரமாட்டேன். அது போதை தருகிற பானம்தான், கம்மியாத் தருகிற பானம்.

ஆனா அம்மாவிடம் நான் கேட்டது இதுதான். "இப்ப தடை இருக்குதே, குடி நின்னுருச்சாம்மா?" அம்மா பதில் சொல்லவில்லை. குடிக்கிறவன் கள்ளிலிருந்து பிராந்திக்குப் போனான், காசு இல்லாதவன் அதையும் விட்டுக் கள்ளச்சாராயத்துக்குப் போனான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல பலியானார்கள். கள்ளு திறந்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனா தடையால நிற்கவில்லை என்பது கண்ணுக்கு முன்னாடி தெரியுது. அம்மாவின் பயத்துக்கும் மரம் ஏறுகிறவருடைய பிழைப்புக்கும் நடுவில ஒரு வழி வேணும். அந்த வழி, என் கணக்குப்படி, வீட்டு பீர் சட்டங்களில் இருக்குது.

ஜெர்மனியில ஒரு வீட்டுக்கு வருசம் 500 லிட்டர் வரைக்கும் வரியில்லாமல் பீர் போட்டுக்கொள்ளலாம். 2024க்கு முன்னால் 200 லிட்டராக இருந்தது. விற்கக் கூடாது. இங்கிலாந்துல 1963இல் வீட்டு பீருக்கு இருந்த லைசென்சை எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவுல 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம், தனி ஆளுக்கு 100 கேலன், வயது வந்தவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கிற வீட்டுக்கு 200 கேலன் என்று அளவு வைத்தது. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். மத்தியப் பிரதேசத்துல பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு இலுப்பைப் பூச் சாராயம் காய்ச்சிக்கொள்ளச் சட்டத்துல விலக்கு இருக்குது. இந்த எல்லா இடத்திலும் யோசனை ஒன்றுதான். அளவு வை, இடம் வை, மற்றபடி வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்காதே.

அதே மாதிரி நமக்கும் ஒரு விதி எழுதலாம். மரத்துக்கு எண் போட்டுப் பஞ்சாயத்துல பதிவு. ஏறுகிறவர் பேரில அனுமதி, மரக்காரர் பேரில இல்லை. ஒரு ஆள் காலையும் பொழுதோடவும் ஏறி இறங்க முடிகிற பனைக்கு ஒரு எல்லை உண்டு, அதையே உச்சவரம்பா வைக்கலாம். கேரளத்துல மரத்துக்கு எண் போடுகிற வழக்கம் ஏற்கெனவே இருக்குது, புதுசாக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. விற்பனை மரத்தடியிலோ, அந்தப் பஞ்சாயத்து எல்லைக்குள்ளோ மட்டும். அன்றைய கள்ளு அன்றைக்கே. சாயங்காலத்துக்கு மேல கடை கிடையாது. எந்த ஊர்க் கிராம சபை வேண்டாம் என்று தீர்மானம் போடுதோ, அந்த ஊரில கிடையாது. எங்க அம்மா மாதிரி இருக்கிறவங்க கையைத் தூக்க ஒரு இடம் இருக்கணுமில்லீங்களா? பத்து வருசம் இப்படி நடந்து, ஏறுகிறவர்கள் சங்கமாச் சேர்ந்து அவர்களே பாட்டில் ஆலை வேணும்னு கேட்டால், அப்போது தாராளமா அடைக்கட்டும். முதல் பாட்டிலை நானே வாங்கறேன்.

நான் அவசரப்படுவதற்குக் காரணம் இருக்குது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம், ஆனா அதில் ஏறத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எங்க தோட்டத்துக்குத் தை மாசம் வந்து ஆனி வரைக்கும் ஏறுகிற அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிருச்சு. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிறான். "அவனை ஏன் பழக்கலைங்கண்ணா?" என்று கேட்டால், "கருப்பட்டிய மட்டும் நம்பி எப்படீங்க பொண்ணு குடுப்பாங்க?" என்கிறார். தெளுவைக் காய்ச்ச விறகு வேணும், அடுப்படியில நாள் பூரா நிற்க வீட்டுப் பெண்கள் வேணும், எட்டு லிட்டர் காய்ந்து ஒரு கிலோவாகணும். கள்ளுக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. இறக்கினதும் காசு. அந்தக் காசு இருந்தால் அடுத்த தலைமுறை ஏறும். ஏற ஆள் இல்லாவிட்டால் மரத்துக்கு விறகு விலைதான், நேரா செங்கல் சூளைக்குப் போகும். பாட்டில் ஆலை வர்றதுக்கு இன்னும் பதினைந்து வருசம் ஆகலாம். அதுவரைக்கும் அண்ணன் ஏறமாட்டார்.

அதுவரைக்கும் டவுன் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். பங்குனி, சித்திரையில இந்தப் பக்கம் வந்தால், காலை எட்டு மணிக்குள்ள வந்து தெளுவு குடிங்க. சொம்பில ஊற்றித் தருவார்கள், பாட்டில் கொண்டு வராதீங்க, வண்டியில போறதுக்குள்ள பொங்கி ஊத்திரும். போகும்போது காய்ச்சினவங்க கையிலிருந்தே கருப்பட்டி வாங்குங்க, விலையைப் பேரம் பேசாதீங்க. உங்க தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்தால், பாட்டில் எப்போது வரும் என்று கேட்காமல், மரமேறுகிறவர் பேரில அனுமதி எப்போது தருவீங்க என்று கேளுங்க.